ராணுவக் குடும்ப விழாவுக்கு ஸ்பான்சர் பிடிப்பது எப்படி? பெங்களூருக்கான முழுமையான வழிகாட்டி

அல்சூர் ஏரியின் ஒரு கரையில் கோயிலும் கடைத்தெருவும், இன்னொரு கரையில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் மதில். 1780-ல் தொடங்கிய அந்தப் படையின் வீரர்களை இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். அகரத்தில் ராணுவ விநியோகப் பிரிவான ஏ.எஸ்.சி.யின் சென்டர், ஜாலஹள்ளியிலும் யெலஹங்காவிலும் விமானப்படை, ஹெப்பாலில் அதன் பயிற்சித் தலைமையகம், கப்பன் ரோட்டில் கர்நாடகா–கேரளா சப் ஏரியா அலுவலகம். ஐ.டி. நகரம் என்று பெயர் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே பெங்களூரு ராணுவ நகரமாக இருந்தது.

இந்த மதில்களுக்குள் ஆண்டு முழுக்க ஏதாவது நடந்துகொண்டேயிருக்கும். தீபாவளி மேளா, குழந்தைகள் விளையாட்டு விழா, குடும்பங்களுக்கான சினிமா, ஹாக்கிப் போட்டி, படைப்பிரிவின் பிறந்தநாளான ரெய்சிங் டே, மாரத்தான், முன்னாள் வீரர் கூடல். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஒருநாள் கமிட்டிக் கூட்டத்தில், “ஸ்பான்சர்ஷிப்பை நீங்க பாத்துக்குங்க” என்று உங்கள் பக்கம் கை நீளும். இதற்கு முன் யாரிடமும் பத்து ரூபாய் நன்கொடை கேட்டிராதவராக நீங்கள் இருக்கலாம். இந்த வழிகாட்டி உங்களுக்காக.

அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்றே எம்.டபிள்யூ.ஆர். என்ற தனி அமைப்பு உண்டு. ஸ்பான்சர் தேடுவதற்கும் விளம்பர இடம் விற்பதற்கும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதே வேலையை ராணுவ மனைவியர் நலச் சங்கமான ஆவா, யூனிட் அளவிலுள்ள குடும்பநல அமைப்பு, ஸ்டேஷன் தலைமையகம், ரெஜிமென்ட் சென்டர், முன்னாள் வீரர் சங்கம் என்று பலரும் பங்குபோட்டு, பெரும்பாலும் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். ஆகவே விதிகளைத் தேடிப் படித்துக்கொள்வதும் உங்கள் தலையில்தான்.

படி 1: காசோலை யார் பெயரில்?

எந்தக் கம்பெனியைப் பிடிக்கலாம் என்று பட்டியல் போடுவதற்கு முன், பணம் எந்தக் கணக்கில் விழும் என்பதை முடிவுசெய்யுங்கள். ராணுவத்தில் அரசுப் பணம் வேறு, ரெஜிமென்ட் நிதி வேறு. இரண்டாவது நிதி படைப்பிரிவின் நலனுக்கானது. அதற்கும் ஒழுங்கான கணக்கு உண்டு, மூன்று மாதத்துக்கொரு முறை தணிக்கை போர்டு உட்காரும். ஆவா 1966 ஆகஸ்ட் 23-ல் பதிவான தனிச் சங்கம். முன்னாள் வீரர் அமைப்புகள் தனித்தனிச் சங்கங்களாகவோ டிரஸ்டுகளாகவோ இருக்கும். விழாவை நடத்துவது இவற்றில் எது என்பதைப் பொறுத்து அனுமதி தருபவரும், ரசீது போடுபவரும், கட்டவேண்டிய வரியும் மாறும்.

அதற்கடுத்தது எழுத்தில் அனுமதி. விழா நடக்க ஒரு அனுமதி, வெளி நிறுவனங்களிடம் பணம் வாங்க ஒரு அனுமதி. “சி.ஓ. சார் வாய்மொழியா சரின்னுட்டார்” என்பது அவருக்கு மாற்றல் வருகிறவரைக்கும்தான் செல்லும். இடம், தேதி, பணம் பெறும் அமைப்பின் பெயர், எந்தெந்த வகை நிறுவனங்களை அணுகலாம், கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு — இவ்வளவும் ஒரே தாளில் இருக்கட்டும்.

யாருடைய சொந்த யூ.பி.ஐ. எண்ணிலும் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஸ்டால் அட்வான்ஸ் ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் சரி.

படி 2: எதை விற்கிறீர்கள், எதை விற்கவில்லை

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. விற்பனைக்கு வைத்திருப்பது ஒரு மாலைப்பொழுதின் மூலைகளை: நுழைவாயில் வளைவு, மேடையின் பக்கத் திரை, ஸ்டால், போட்டிப் பரிசு, ஓட்டக்காரர் பனியனின் முதுகு, விழா மலரின் பின்னட்டை, அறிவிப்பாளர் சொல்லும் ஒரு வரி. ராணுவத்தின் பெயரும் சீருடையும் சின்னமும் இந்தப் பட்டியலில் கிடையாது. ஸ்பான்சருக்கு மனசெல்லாம் அவற்றின்மேல்தான் இருக்கும். அவருக்கு வேண்டியது பின்னட்டை அல்ல, “ராணுவம் நம்பும் பிராண்ட்” என்ற ஒரு வாசகம். அதைத் தராமலே அவருக்கு மற்றதை விற்பதில்தான் இந்த வேலையின் சாமர்த்தியம் இருக்கிறது.

முதல் வரைவிலேயே ஒரு பக்கத்தில் ‘தரமாட்டோம்’ பட்டியலைப் போட்டுவிடுங்கள். ரெஜிமென்ட் முத்திரையை விளம்பரத்தில் சேர்க்க முடியாது. சீருடையில் உள்ளவர் பொருளைக் கையில் பிடித்துப் போஸ் கொடுக்க மாட்டார். 2022 ராணுவ நாளில் அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் வடிவமைப்புக்கு ராணுவம் அறிவுசார் சொத்துரிமைப் பதிவே வாங்கியிருக்கிறது. அந்த டிசைனைப் பின்னணியாகப் போட்டு போஸ்டர் அடிக்கும் ஆர்வக்கோளாறு டிசைனரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தேசியக் கொடி விளம்பரத்துக்கு ஆகாது, கொடிக்கம்பத்தில் விளம்பரப் பலகை கட்டக் கூடாது என்று கொடி விதிமுறையே சொல்கிறது. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஒட்டிய விழாக்களில் கம்பத்தைச் சுற்றி ஸ்பான்சர் பேனர் முளைப்பது வழக்கமாக நடக்கும் தப்பு.

சில நிகழ்ச்சிகளுக்கு ஸ்பான்சரே தேடக் கூடாது என்பது என் கட்சி. ராஜ்பவன் அருகிலுள்ள தேசிய ராணுவ நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பது, ஜூலை 26 கார்கில் நாள் அஞ்சலி, வீரமரணம் அடைந்தவர்களின் குடும்பங்களைக் கௌரவிப்பது — இவற்றின் பின்திரையில் எந்த வங்கியின் பெயரும் வேண்டாம். செலவு குறைவு, நலநிதியே தாங்கும். டிசம்பர் 7 கொடிநாள் வசூலும் வேறு கணக்கு. அது 1949 முதல் நடந்துவரும் நன்கொடை. கொடுப்பவருக்கு ஒரு சின்னக் கொடி கிடைக்கும், அவ்வளவே.

விளம்பரம் இல்லாமலே ஒரு பிராண்ட் எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு பெங்களூரிலேயே உதாரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 19 அன்று யெலஹங்கா விமானப்படை தளத்தில் ஏ.எஸ்.சி.யின் மோட்டார் சைக்கிள் சாகசக் குழுவான டொர்னேடோஸைச் சேர்ந்த 58 பேர் ஒரே 500 சிசி ராயல் என்ஃபீல்டில் ஏறி 1,200 மீட்டர் ஓட்டிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அந்தச் செய்தி எங்கே வந்தாலும் வண்டியின் பெயரும் கூடவே வந்தது. பைக் கம்பெனி மேலாளரிடம் பேசப்போகும்போது இதை நினைவூட்டுங்கள். சீருடையோடு போஸ் கேட்கும் ஆசை கொஞ்சம் தணியும்.

படி 3: விலை போடுவது

செலவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பந்தல், ஒலி–ஒளி, ஜெனரேட்டர், குழந்தைகள் விளையாட்டு, பரிசுகள், ஆம்புலன்ஸ், தண்ணீர், துப்புரவு என்று ஒரு குடும்ப மேளாவுக்கு 6 லட்ச ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்லும் தொகைதான் இது. முதன்மை ஸ்பான்சர் ஒருவர் 2,00,000. இணை ஸ்பான்சர் இருவர், தலா 75,000. ஸ்டால்கள் 12, தலா 8,000. மலரில் பின்னட்டை 30,000, உள்ளட்டைகள் இரண்டும் தலா 20,000, முழுப்பக்கம் எட்டு தலா 10,000, அரைப்பக்கம் பத்து தலா 6,000. கூட்டினால் 6,56,000. வரி தனி.

இந்தக் கூட்டல் தாளில் அழகாக இருக்கும்; நடப்பில் முதன்மை ஸ்பான்சர் கடைசி வாரத்தில் கையை விரிப்பார். அதனால் முதன்மை ஸ்பான்சர் பணம் முழுதும் இல்லாவிட்டாலும் விழா நடக்கும்படி செலவை இரண்டு அடுக்காகப் பிரித்து வையுங்கள். பந்தலும் தண்ணீரும் முதல் அடுக்கு. லேசர் ஷோவும் பாட்டுக் கச்சேரியும் இரண்டாவது. பணம் வந்த பிறகே அவற்றுக்கு அட்வான்ஸ்.

பொருளாக வருவதையும் விலை போட்டு எழுதுங்கள். ஒரு பால் நிறுவனம் மோர் பாக்கெட் தந்தால், அதன் மதிப்புக்கு நிகரான இடம் மட்டும்தான். பத்தாயிரம் ரூபாய் மோருக்கு மேடைத் திரை முழுவதையும் கொடுத்துவிட்டு, 75,000 கட்டிய வங்கிக்காரரிடம் பதில் சொல்லித் தவிப்பது அடிக்கடி நடக்கிற காட்சி.

‘டைட்டில்’ ஸ்பான்சர் என்ற சொல்லை விற்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். மானெக்‌ஷா மைதானத்திலிருந்து அண்மை ஆண்டுகளில் கிளம்பும் பெரிய ஓட்டத்தின் பெயரே ‘டி.சி.எஸ். வேர்ல்ட் 10கே’. தனியார் நடத்தும் ஓட்டத்துக்கு அது பொருத்தம். உங்கள் ரெய்சிங் டேயின் பெயருக்கு முன்னால் ஒரு பிரஷர் குக்கர் கம்பெனி வந்து உட்கார்ந்தால் அனுமதி தந்தவரே முகம் சுளிப்பார். ‘வழங்குவோர்’ என்று பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில் போடுவதோடு நிற்கட்டும்.

படி 4: யாரைக் கேட்கலாம், யாரைத் தவிர்க்க வேண்டும்

பாதுகாப்புப் படையினருக்கான சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் முதல் வரிசை. அவர்களுக்கு இந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே வாடிக்கையாளர்கள். விளம்பரச் செலவுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கார், பைக் டீலர்கள், பிள்ளைகளுக்கு என்.டி.ஏ., சி.டி.எஸ். பயிற்சி தரும் நிலையங்கள், பள்ளிகள், கண்–பல் மருத்துவமனைகள், வீட்டுமனை நிறுவனங்கள், ஓட்டல்கள் அடுத்து வரும். வீட்டுமனைக்காரர்களிடம் மட்டும் ரேரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். ஓய்வூதியப் பணம் மொத்தமாகக் கையில் வரும் நேரத்தில் இருக்கிற மனிதர்கள் உங்கள் பந்தலுக்குள் வருகிறார்கள். பங்குச் சந்தை, ‘நிச்சய லாபம்’ வகையறாக்களுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் இரண்டு மடங்காக.

உள்ளூர்ப் பிராண்டுகளை மறக்காதீர்கள். நந்தினி, மைசூர் சாண்டல், தலைமையகத்தை இங்கேயே வைத்திருக்கும் கனரா வங்கி என்று பெரிய பெயர்கள் ஒரு பக்கம். அல்சூர், சிவாஜிநகர், கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தலைமுறை தலைமுறையாக ராணுவக் குடும்பங்களை நம்பிக் கடை வைத்திருக்கும் துணிக்கடை, ஷூ கடை, ஸ்வீட் ஸ்டால்காரர்கள் இன்னொரு பக்கம். அவர்களில் தமிழர்களும் கணிசம். தொகை சின்னதாக இருக்கும், ஆனால் இழுத்தடிக்காமல் வரும்.

தவிர்க்க வேண்டியவர்களின் பட்டியலைக் கமிட்டித் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். புகையிலை நிறுவனங்களின் விளம்பரமும் ஸ்பான்சர்ஷிப்பும் 2003 சட்டப்படி தடை. பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் கேமிங் விளம்பரங்களை 2025 சட்டம் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ட்ரீம்11 இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலிருந்து விலகியது. மது நிறுவனங்கள் சோடா, மினரல் வாட்டர், மியூசிக் சி.டி. என்று மாறுவேடத்தில் வரும். குழந்தைகள் வரும் விழாவுக்கு அந்த வேடமும் வேண்டாம். அரசியல் கட்சிக்காரர்கள் நடத்தும் டிரஸ்டுகளும் இதே பட்டியல்தான்; படைவீரர் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-லும் 2019-லும் கட்சிகளுக்கு எழுதியிருக்கிறது.

எல்லோரிலும் சிக்கலானவர் ஒப்பந்தக்காரர். ரேஷன் சப்ளை, கட்டுமானம், பழுதுபார்ப்பு என்று அந்த ஸ்டேஷனில் டெண்டர் போட்டிருப்பவர், நீங்கள் கேட்பதற்கு முன்பே தருகிறேன் என்று நிற்பார். வாங்காதீர்கள். நேர்மையாகவே கொடுத்திருந்தாலும், நாளைக்கு அவருக்கு டெண்டர் கிடைத்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். எச்.ஏ.எல்., பி.இ.எல். மாதிரியான பொதுத்துறை நிறுவனங்களும் படைக்கு விற்பவர்களே. அவர்களைக் கேட்பதா வேண்டாமா என்பதை உங்கள் மட்டத்தில் முடிவு செய்யாமல் மேலே அனுப்புங்கள்.

படி 5: சி.எஸ்.ஆர். பணமா, விளம்பரப் பணமா?

“எங்க சி.எஸ்.ஆர். ஃபண்டிலேருந்து தர்றோம்” என்று ஒருவர் சொன்னதும் கமிட்டியில் கைதட்டல் கேட்கும். கொஞ்சம் பொறுங்கள்.

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-ஆம் பிரிவின்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி — இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதற்குச் செலவழிக்கலாம் என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. முன்னாள் படைவீரர், போரில் கணவரை இழந்த பெண்கள், அவர்களைச் சார்ந்தோர் நலன் அதில் உண்டு. ஒலிம்பிக், பாராலிம்பிக், கிராமிய விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. பணியிலிருப்பவரின் குடும்பத்துக்கு நடத்தும் பாட்டுக் கச்சேரி அங்கே எங்கும் இல்லை. மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூன் மாதச் சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்திவிட்டது. 2021-ல் திருத்திய விதிகள் இன்னும் கறார்: தன் பொருளுக்கு விற்பனை ஆதாயம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆர். ஆகாது.

ஆகவே பேனரும் ஸ்டாலும் கேட்கும் கம்பெனியைச் சந்தைப்படுத்தல் பிரிவுக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம், முன்னாள் வீரர் பிள்ளைகளின் ஹாக்கிப் பயிற்சிக்கு ஆண்டு முழுக்க உதவுகிறோம் என்பவரை மட்டும் சி.எஸ்.ஆர். பிரிவில் பாருங்கள். அந்தப் பணம் வாங்கும் அமைப்பு வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி பதிவும், அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 பதிவும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கதவு இந்த ஆண்டு திறக்காது; அடுத்த ஆண்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

படி 6: கேட்பது

ஒரு பக்கக் கடிதம், ஒரு பக்க ரேட் கார்டு. பன்னிரண்டு பக்க பவர்பாயின்ட்டில் முதல் நான்கு பக்கம் ரெஜிமென்டின் வீர வரலாற்றைச் சொன்னால் கிளை மேலாளர் மரியாதையாக எழுந்து நிற்பார், பணம் வராது. பங்களூர் டொர்பீடோ 1912-ல் மெட்ராஸ் சாப்பர்ஸ் அதிகாரி இந்த ஊரில் கண்டுபிடித்தது என்பது எனக்கும் பிடித்த தகவல்தான். காபி குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: விழாவின் பெயர், நாள், நடத்தும் அமைப்பு, அனுமதி எண், என்னென்ன இடங்கள் என்னென்ன விலை, முடிவு சொல்ல வேண்டிய கடைசித் தேதி, தொடர்புக்கு ஒரே ஒருவர். இரண்டு பேர் தொடர்பு என்று போட்டால் இரண்டு பேரும் இரண்டு விதமாகத் தள்ளுபடி கொடுத்துவிடுவார்கள்.

நேரில் உட்காரும்போது வரும் முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றே.

“எத்தனை பேர் வருவாங்க மேடம்? அதுல ஆபீசர் எத்தனை, ஜவான் எத்தனை?”

“அந்தப் பிரிப்பு தர முடியாது சார்.”

“ஏஜ் குரூப்? எந்தெந்த யூனிட்?”

“அதுவும் முடியாது. போன வருஷம் சாப்பாட்டுக் கூப்பன் எவ்வளவு வித்தது, குழந்தைங்க போட்டிக்கு எத்தனை பேர் பேர் கொடுத்தாங்க, ஸ்டால் போட்டவங்க மறுபடி வர்றாங்களா — இதெல்லாம் சொல்றேன்.”

வேறு எந்த விளம்பர விற்பனையிலும் முதல் பக்கத்தில் வரும் புள்ளிவிவரம் இங்கே பாதுகாப்புத் தகவல். எத்தனை குடும்பம் குவார்ட்டர்ஸில் இருக்கிறது, எந்த யூனிட் எப்போது வெளியே போகிறது என்பதெல்லாம் ஸ்பான்சருக்கான இமெயிலில் போகக் கூடாது. கூப்பன் கணக்கைக்கூட அனுமதி தந்த அதிகாரியிடம் ஒருமுறை காட்டிவிட்டே வெளியே சொல்லுங்கள். இந்த மறுப்பால் வாய்ப்பு கெடுமே என்று பயப்பட வேண்டாம். ராணுவத்தோடு ஏற்கெனவே தொழில் செய்யும் வங்கிக்காரர், நீங்கள் மறுப்பதைப் பார்த்துத்தான் உங்களை நம்பத் தொடங்குவார்.

படி 7: ஒப்பந்தம்

இரண்டு பக்கம் போதும். கொடுப்பவர், பெறுபவர், தொகை, தவணைத் தேதிகள், கொடுக்கப்படும் இடங்களின் அளவு அடிக் கணக்கில், டிசைனை அனுப்ப வேண்டிய கடைசி நாள், அதைத் திருத்தவோ மறுக்கவோ உங்களுக்குள்ள உரிமை. அதே வகையில் வேறு போட்டி நிறுவனம் வருமா என்பதையும் எழுதுங்கள். ஒரு வங்கியை முதன்மை ஸ்பான்சராக வைத்துக்கொண்டு மலரின் பின்னட்டையை இன்னொரு வங்கிக்கு விற்பது பெரிய சண்டைக்கு வழி.

பெங்களூரில் ராணுவ விழா ஒன்று கடைசி நாளில் தள்ளிப்போவது அதிசயமல்ல. எல்லையில் பதற்றம், துக்கம், மேலிருந்து உத்தரவு, டிசம்பர் புயல் மழை — எதுவும் நடக்கும். “உரிய அதிகாரி காரணம் கூறாமலேயே நிகழ்ச்சியை ஒத்திவைக்கலாம் அல்லது ரத்து செய்யலாம்” என்ற வரியும், அப்படி நடந்தால் பணம் திரும்புமா, அடுத்த விழாவுக்குப் போகுமா என்ற வரியும் கட்டாயம்.

கடைசியாக ஒரு மறுப்பு வாசகம். அமெரிக்கப் படைத்தளங்களில் ஸ்பான்சர் பெயர் வரும் இடமெல்லாம் அரசு அந்த நிறுவனத்தை ஆதரிப்பதாகப் பொருளல்ல என்று ஒரு வரி சேர்ப்பார்கள். நாமும் எடுத்துக்கொள்ளலாம். “இந்த நிகழ்ச்சிக்கு உதவும் நிறுவனங்களின் பொருள்களையோ சேவைகளையோ ஆயுதப்படைகளோ நிகழ்ச்சி அமைப்பாளர்களோ பரிந்துரைக்கவில்லை.” மலரின் முதல் பக்கத்தில், ஸ்டால் வரிசையின் முகப்பில், அழைப்பிதழின் அடியில், கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும், அல்சூர் பக்கம் விழா என்றால் தமிழிலும்.

படி 8: வரி

நீட்டி எழுத நான் ஆடிட்டர் இல்லை. ஆனால் ஆடிட்டரிடம் போகும்போது கேட்க வேண்டியதைச் சொல்லலாம். ஸ்பான்சர்ஷிப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நடத்துவது கம்பெனி போன்ற கூட்டுரு அமைப்பு இல்லையென்றால், பணம் தரும் கம்பெனியே அந்த வரியை நேரே அரசுக்குக் கட்டும்; கூட்டுரு அமைப்பு என்றால் 2025 ஜனவரி 16 முதல் நீங்கள்தான் வசூலித்துக் கட்ட வேண்டும். அச்சு ஊடகத்தில் விளம்பர இடம் விற்பதற்கு 5 சதவீதம். உங்கள் மலர் அந்த வகையில் வருமா என்பதும், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டுகிறதா என்பதும், ஸ்பான்சர் எவ்வளவு டி.டி.எஸ். பிடிப்பார் என்பதும் மற்ற கேள்விகள். வரி கட்டும் பொறுப்பு உங்களுடையதாக இருந்து, ரேட் கார்டில் ‘வரி தனி’ என்று போட மறந்துவிட்டால் அந்த 18 சதவீதம் உங்கள் பந்தல் பணத்திலிருந்து போகும்.

பெரிய கம்பெனி என்றால் வெண்டர் பதிவு, பான், ரத்து செய்த காசோலை, பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் கேட்பார்கள். இதற்கே ஒரு மாதம் ஓடும். பணமும் விழா முடிந்து 45, 60 நாள் கழித்துத்தான் என்பார்கள். பந்தல்காரர் அதுவரை பொறுக்க மாட்டார்.

படி 9: வாசலும் போனும்

ஸ்பான்சரின் ஆட்கள் உள்ளே வர, பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை நகல், வண்டி எண், கொண்டுவரும் பொருள் விவரம் எல்லாம் முன்கூட்டியே வாசலுக்குப் போக வேண்டும். விழா காலையில் “நம்ம பையன் ஒருத்தன் எக்ஸ்ட்ரா வர்றான்” என்பது மால்களில் நடக்கும், இங்கே நடக்காது. பட்டியலை மூன்று நாள் முன்பே மூடிவிடுங்கள். ட்ரோன் கிடையாது. எங்கே நின்று படம் எடுக்கலாம் என்பதை அதிகாரி காட்டுவார். அதற்கு வெளியே கேமரா திரும்பக் கூடாது.

இப்போதைய ஸ்பான்சர்கள் பேனரைவிட ஆசைப்படுவது போன் எண்களுக்கு. “க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணுங்க, ஆப் இறக்குங்க, குலுக்கலில் மிக்ஸி” என்று ஒரு பெண் டேப்லெட்டோடு நிற்பாள். பெயர், எண், கணவரின் ரேங்க், குவார்ட்டர்ஸ் முகவரி — நாலே கட்டங்கள். ஒரு மாலைக்குள் ஒரு முகாமின் குடும்ப அட்டவணையே ஒரு தனியார் சர்வரில் ஏறிவிடும். 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை வீரர்கள் தங்கள் போனிலிருந்து நீக்க வேண்டும் என்று ராணுவம் சொன்னது ஞாபகமிருக்கட்டும். அவ்வளவு கவனமாக இருக்கும் இடத்தில், ஒரு மிக்ஸிப் பரிசுக்காக அதே தகவலை நாமே கொடுத்துவிட முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. விதி எளிது: ஸ்டாலில் எந்தத் தகவலும் சேகரிக்கக் கூடாது, விருப்பமுள்ளவர் விசிட்டிங் கார்டு வாங்கிப் போகட்டும். குலுக்கலை நீங்களே நடத்துங்கள், கூப்பன் எண்ணை மட்டும் வைத்து. ஒப்பந்தத்தில் இதைச் சேர்க்காமல் விட்டால் விழா அன்று வாக்குவாதம் நிச்சயம்.

படி 10: பேனர்

கர்நாடகத்தில் ஃப்ளெக்ஸ், பிளாஸ்டிக் தோரணம், பிளாஸ்டிக் தட்டு–கப் எல்லாம் 2016 மார்ச் முதல் தடை. நகரத் தெருக்களில் சட்டவிரோத ஃப்ளெக்ஸ் பற்றி 2018-ல் உயர் நீதிமன்றம் மாநகராட்சியைப் பிடித்து உலுக்கியதை ஊரே பார்த்தது. ஆகவே மதிலுக்கு வெளியே ஸ்பான்சர் பேனர் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். உள்ளேயும் துணிப் பேனர்தான். அச்சடிக்க இரண்டு நாள் கூடுதல், விலையும் கூட. ஜூஸ் கம்பெனியிடம் பேப்பர் கப் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர்ப் பலகைகளில் கன்னடம் மேலே, பெரிதாக இருக்கட்டும். பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்ற விதி கடைகளுக்கானது என்று வாதாடலாம்தான். விழா நடக்கும் ஊரின் மொழிக்கு இடம் கொடுப்பதற்கு வாதம் எதற்கு? ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும், அதனால் ஸ்பான்சருக்கு வாக்களித்த அறிவிப்புகளை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள்.

படி 11: மலர்

விளம்பரம் மட்டுமே நிறைந்த மலரை யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று பக்கம் விளம்பரத்துக்கு ஒரு பக்கமாவது குழந்தைகள் ஓவியம், சமையல் குறிப்பு, ஒரு பழைய சுபேதாரின் நினைவுக் குறிப்பு. பிழைதிருத்தம் இரண்டு பேர். ஸ்பான்சர் பெயரில் ஒரு எழுத்து தப்பினால் அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

படி 12: விழா முடிந்த பிறகு

இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு ஸ்பான்சருக்கும் ரசீது, மலர் இரண்டு பிரதி, அவர்கள் பேனர் தெரியும் — அதிகாரி பார்த்து அனுமதித்த — நான்கு படங்கள், நன்றிக் கடிதம். வரவு செலவை நிதிக்குப் பொறுப்பானவரிடம் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கி, கோப்பை அடுத்து வருபவருக்குத் தயார் செய்யுங்கள். கணவருக்கு மாற்றல் வந்து நீங்கள் ஜோத்பூரிலோ தேஜ்பூரிலோ இருப்பீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார், யார் இழுத்தடித்தார், எந்த மேலாளர் நல்ல மனிதர் என்பதெல்லாம் உங்களோடு ரயிலேறிப் போகக் கூடாது.

அடுத்த சுற்றுக்கான நேரக் கணக்கு இது. பெரிய கம்பெனிகள் விளம்பர பட்ஜெட்டை ஏப்ரலுக்கு முன் மூடிவிடும். டிசம்பர் மேளாவுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே போய் நில்லுங்கள். வங்கிக் கிளைகளுக்கு மார்ச் கடைசி வாரம் ஆகாது, மேலாளர் முகத்தையே பார்க்க முடியாது. அல்சூர், சிவாஜிநகர் கடைக்காரர்களிடம் விநாயகர் சதுர்த்திக்கும் ஆயுத பூஜைக்கும் நடுவில் போகாதீர்கள். அந்த நாள்களில் தெருவிலுள்ள ஒவ்வொரு பந்தல் கமிட்டியும் ரசீதுப் புத்தகத்தோடு அவர்கள் கடை வாசலில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்.